பெட்டியில என்ன போட்டிருக்கு?

...வேதம் வாசிக்கிறோம். ஜெபம் பண்றோம். எல்லாம் செய்றோம். வீட்டுல பக்கத்துல நிக்கிறவங்க பேசுறது காதுல விழுதா? இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுப் பின்னாடி நிக்கிற அம்மாமாரே, உங்களுக்காகவே சீக்கிரம் முடிச்சிடறேன்.

டென்னிசன்னு ஒருத்தர். ஒரு சர்ச்ல கொயர் மாஸ்டர், பாட்டுக் குழுவை நடத்துறவர். தங்கச்சி பெற்சிக்குக் கல்யாணம். அண்ணன் தானே ஒரு பாட்டு கட்டினார். நாலு குரலுக்கும் பிரிச்சு, கீபோர்டுல வாசிச்சே கம்ப்யூட்டர்ல ஏத்தினார். இசை எழுதறதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு... நீங்க வாசிக்க வாசிக்க அஞ்சு கோட்டு மேல நோட்டு, அதான் சுரக் குறி, வந்து உக்காரும். ஆனா அவர் கொயர்ல பாதிப் பேருக்கு அந்தக் கோடு புரியாது. நம்ம ச ரி க மாதிரி டோ, ரே, மின்னு எழுத்துல குடுத்தாத்தான் பாடுவாங்க. அதுக்கும் வழி இருக்கு. பிளக்-இன். பெரிய சாஃப்ட்வேரோட ஒட்டிக்கிற குட்டி சாஃப்ட்வேர். ஒரு தட்டு தட்டினா கோடெல்லாம் டோ ரே மி ஆயிடும்.

தட்டினார். ஆச்சு. வாட்ஸ்அப்ல அனுப்பினார்.

அஞ்சு நிமிஷத்துல கொயர்ல ஆல்ட்டோங்கிற ரெண்டாவது குரல் பாடுற ஞானதீபம் சித்தி போன்ல வந்தாங்க. "எலே டென்னிசன், என்னலே எழுதி அனுப்பியிருக்க? டோ-ல ஆரம்பிக்க வேண்டிய பாட்டு எங்கேயோ லா-ல கிடக்கு! இதைப் பாடினா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பந்திக்கு நிக்காமலே போயிருவாங்க!"

அடுத்து தங்கச்சி. "அண்ணே, சாயங்காலம் பிராக்டிஸ்ல சரியா வரலைன்னா விட்டுருண்ணே. மாப்பிள்ளை வீட்டுல பென் டிரைவ்ல ஒரு பாட்டு வச்சிருக்காங்களாம்."

பென் டிரைவ்! அண்ணன் உயிரோட இருக்கும்போது, தங்கச்சி கல்யாணத்துல பென் டிரைவ் பாடுமா? மனுஷன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டார்.

பிளக்-இன்னை அழிச்சார். திரும்பப் போட்டார். சாஃப்ட்வேரையே அழிச்சுப் போட்டார். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டார். ஒவ்வொரு தடவையும் பிளக்-இன் ஓடுறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பெட்டி வரும். ரெண்டு வரி எழுத்து. கீழே ஓகே. டென்னிசன் கை என்ன பண்ணும்?

ஓகே.

சமையல்கட்டுல இருந்து மனைவி கெசியா வந்தாங்க. இடுப்புல ரெண்டு வயசு ரூபன். "அத்தான், பிள்ளைக்கு உடம்பு சுடுது."

"சரி."

ஆன்டி-வைரஸைத் திட்டினார். அதையும் நிறுத்திப் பார்த்தார். பெட்டி வந்துச்சு. ஓகே. மறுபடியும் லா.

"அத்தான், காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடலை இவன்."

"சரிம்மா."

"டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறேன். நீங்களும் வர்றீங்களா?"

"சரி, சரி."

கெசியா செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. நின்னாங்க... நின்னாங்க... அப்புறம் ஆட்டோ சத்தம் கேட்டுச்சு. யாருக்குக் கேட்டுச்சு? பக்கத்து வீட்டுக்குக் கேட்டுச்சு.

கடைசியில பெங்களூர்ல இருக்கிற சிநேகிதன் ராஜ்மோகனுக்குப் போன். "மாப்ள, இந்தப் பிளக்-இன் உருப்படாதுடா. குப்பைடா."

"ஓட்டும்போது ஏதாவது சொல்லுதா?"

"ஒரு பெட்டி வரும்."

"பெட்டியில என்ன போட்டிருக்கு?"

"அது எப்பவும் வர்றதுதான்டா. ஓகே குடுத்துருவேன்."

"டேய்... என்ன போட்டிருக்குன்னு வாசிடா!"

வாசிச்சார். என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? 'இந்தப் பாட்டுக்கு நீங்கள் கீ குறிப்பிடவில்லை. சி-யை டோ என்று வைத்துக்கொள்ளட்டுமா?'

அவ்வளவுதான்! பாட்டுக்கு எது டோன்னு முதல் வரியில ஒரு குறி போடணும். வாசிச்சே ஏத்தினதால அந்தக் குறியே போடலை. பிளக்-இன் பாவம், தெரியலைன்னு கேட்டிருக்கு. தடவைக்குத் தடவை கேட்டிருக்கு. இவர் வைச்சுக்கோ, வைச்சுக்கோன்னு அமுக்கியிருக்கார். அப்புறம் அதையே குப்பைங்கிறார்!

குறியைப் போட்டார். தட்டினார். முதல் எழுத்தே டோ. துள்ளிக் குதிச்சார். "கெசியா! வந்துருச்சு! கெசியா!"

வீடு அமைதியா இருந்துச்சு.

போன் போட்டார். "எங்கேம்மா போயிட்ட?"

"டாக்டர்கிட்ட. நீங்களும் வர்றேன்னு சொன்னீங்க."

"நானா?"

"சரி, சரின்னீங்களே. ரெண்டு சரி." அந்தப் பக்கம் பிள்ளை அழற சத்தம். "காய்ச்சல் நூத்தி ரெண்டு. சாதாரணக் காய்ச்சல்தான், பயப்பட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். மருந்து சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கணும். நீங்க வரும்போது ரொட்டியும், பையில அவனோட நீலச் சட்டையும் எடுத்துட்டு வாங்க."

"சரி."

"...என்ன சரி? நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க."

இவர் கண்ணு இன்னும் ஸ்கிரீன்ல இருந்த டோ மேலயே இருக்கு.

"டாக்டர் என்ன சொன்னார்? அதாவது சொல்லுங்க."

அதுவும் இவருக்குத் தெரியலை.

அப்பத்தான் மனுஷனுக்கு உறைச்சுது. சரியான பேப்பரைச் சித்திக்கு அனுப்பி, "பிராக்டிஸை நீங்க ஆரம்பிங்க சித்தி, நான் பிள்ளைகிட்ட போறேன்"ன்னு சொல்லிட்டு ஓடினார். கல்யாணத்துல கொயர் பாடுச்சு, பென் டிரைவ் பாடலை. நீலச் சட்டை போய்ச் சேர்ந்துதான்னு கேட்காதீங்க. அது அவங்க வீட்டு விஷயம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. உங்க வீட்டுல பெட்டி வர்றதில்லையா? "அம்மா, ஸ்கூல் வேன்ல அந்த அண்ணன் பக்கத்துல உக்கார மாட்டேன்"னு பிள்ளை சொல்லுது. நாம தோசையைத் திருப்பிக்கிட்டே... ஓகே. "எனக்கு முடியலைங்க"ன்னு ஒருத்தி சொல்றா. டிவியைப் பார்த்துக்கிட்டே... ஓகே. அப்புறம் ஒருநாள், 'எங்கிட்ட யாருமே சொல்லலையே'ன்னு தலையில கை வைக்கிறோம். சொல்லலையா? சொன்னாங்க. ரெண்டு வரியில, தெளிவாச் சொன்னாங்க. நாமதான் வாசிக்கலை.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. யாராவது ஏதாவது சொன்னா, சரின்னு சொல்றதுக்கு முன்னாடி, அவங்க சொன்னதை அவங்ககிட்டயே ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேட்கிறது. செய்வீங்களா?

...தலையை ஆட்டாதீங்க. அண்ணாச்சி, மூணாவது வரிசை, உங்களைத்தான்.

நான் இப்ப என்ன சொன்னேன்?