பாதி வெளுத்த படம்

கதவை முழுசா சாத்தாதீங்க தம்பி, கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். தனியா இருக்கிற பொம்பள, எதிர்த்த கடைக்காரங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க. சாத்திட்டீங்களா? சரி. பரவாயில்ல. மணல் காத்துதான் அடிக்குது.

அந்தச் சத்தமா? ஒண்ணுமில்ல, புது ஃபிலிம் மாட்டிக்கிட்டிருந்தேன், நீங்க வந்தீங்க. அடையாள அட்டைக்குத்தானே? அந்த ஸ்டூல்ல உக்காருங்க. தெரு ஜெனரேட்டரை எப்ப அணைப்பான்னு தெரியல, சீக்கிரம் எடுத்துடலாம். இடுப்புல குத்துதுன்னா அதை எடுத்து மேஜையில வச்சுக்குங்க. இப்பல்லாம் யார்தான் வச்சுக்கல.  

எங்க வீட்டுக்காரரா? ஆமா, ஹிக்மத். உங்களுக்கு அவரைத் தெரியுமா? இல்லையா. பேரு மட்டும் கேள்விப்பட்டிருக்கீங்க. பாலத்துக்கு அந்தப் பக்கமா நீங்க? சரி சரி, கேக்கல.

ஈரானோட நமக்கு நடந்த சண்டையில பட்டாளத்துக்குப் போட்டோ எடுத்தவரு. அது முடிஞ்சதும் இங்க வந்து கடை போட்டாரு. இந்த ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் அவரு எடுத்த கல்யாணப் படம் மாட்டியிருக்கும். பொண்ணுங்களை உள் ரூம்ல வச்சு நான் எடுப்பேன். கழுவினதும் மாப்பிள்ளை கண்ணு முன்னாலயே ஃபிலிமை வெட்டி அவரு கையில குடுத்துடுவோம். ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னதில்ல.

அந்தச் செவுத்தையா பாக்குறீங்க? எல்லாம் பாதி மூஞ்சிதான். ஃபிலிம் மாட்டும்போது முதல் துண்டுல வெளிச்சம் பட்டுடும், எல்லாரும் அதைச் சும்மா அமுக்கித் தள்ளிவிடுவாங்க. இவரு அப்படி இல்ல. வெளிநாட்டுச் சரக்கு எதுவும் வரவிடாம தடை போட்டிருந்த வருஷங்கள்ல ஃபிலிமே கிடைக்காது, கிடைச்சாலும் நாள்பட்டதா இருக்கும். அந்த ஒண்ணை வீணாக்க மனசு வராது. காமிராவை வாசப்பக்கம் திருப்பிப் பட்டனை அமுக்குவாரு. யாரு உள்ள வர்றாங்களோ அவங்க படத்துல விழுவாங்க, ஒரு பக்கம் வெளுத்துப்போயி. ரொட்டிக்கடை ஜப்பார் வந்து கத்துவான், ஹிக்மத் அண்ணே, என் மீதி மூஞ்சிய எப்பத் தருவே, பொண்டாட்டி தேடறாம்பான். அவ பாதியோட சந்தோஷமா இருக்கா, கெடுத்துக்காதேடாம்பாரு இவரு.

சிரிக்க மாட்டேங்கிறீங்களே. ஆமாமா, அட்டைக்குச் சிரிக்கக் கூடாது.

நிமிருங்க. கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். காதுல என்ன தம்பி, சின்ன வயசுல பட்டதா?

வேணாம். வேணாம், நேராவே இருங்க. நேராத்தான் நல்லாருக்கு. சும்மா கேட்டேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், அவரு செஞ்ச தப்பு அந்த ஷோகேஸ்தான். அமெரிக்கக்காரன் வந்தப்புறம் நம்ம பசங்க புது போலீசுல சேர்ந்தாங்க இல்ல, யூனிஃபார்மோட வந்து படம் எடுத்துக்குவாங்க. என்னையும் வெளிய மாட்டுங்க அண்ணே, மாமா வீட்ல பாக்கட்டும், பொண்ணு குடுப்பாங்கன்னு கெஞ்சுவாங்க. இவரும் மாட்டினாரு. கசாப்புக்கடை வீட்டுப் பையன் முன்திர் போனான் முதல்ல, பாலத்துமேல வச்சு சுட்டுட்டாங்க. அப்புறம் அவனுக்குப் பக்கத்துல மாட்டியிருந்தவன். அதுக்கும் அடுத்தவன். முன்திரோட அம்மா வந்து கண்ணாடியில செருப்பால அடிச்சாங்க. எம்புள்ளைய இங்கதான்டா அடையாளம் பாத்துட்டுப் போனானுங்க, நீ போட்டோவா வச்சே, குறியில்ல வச்சேன்னு கத்துனாங்க.

அன்னிக்கே எல்லாத்தையும் கழட்டிட்டாரு. இப்பவும் பாருங்க, வெல்வெட் துணி முழுக்க வெயில்ல வெளுத்திருக்கு, படம் இருந்த இடம் மட்டும் கருநீலமா கட்டம் கட்டமா நிக்குது. துணிய மாத்துங்கன்னேன். கேக்கல.

போலீஸ்காரங்க நெகட்டிவா? இல்ல தம்பி. ஒண்ணுகூட இல்ல. யாரோ கேட்டு வருவாங்கன்னு அவருக்குத் தெரியும். எல்லாத்தையும் வீட்டு ரொட்டி அடுப்புல போட்டு எரிச்சுட்டாரு. ரெண்டு மூணு நாளு ரொட்டியில அந்த நாத்தம்தான், என் பொண்ணு ரஃபல் வாயில வைக்கமாட்டேன்னுட்டா. சத்தியமா இல்ல. வேணும்னா உள்ள வந்து பாத்துக்குங்க. பாக்க வேண்டியதில்லையா? சரி.

அவரு செத்த அன்னிக்கு நான் உள் ரூம்ல படம் கழுவிக்கிட்டிருந்தேன். யாரையும் பாக்கல. அதை நல்லாக் கேட்டுக்குங்க தம்பி, நான் யாரையும் பாக்கல. துப்பாக்கிச் சத்தம்தான் கேட்டுச்சு. வெளிய வந்து பாத்தா மேஜைக்குப் பின்னால கிடக்குறாரு. போலீசு வந்துச்சு, அவங்களே பயந்துபோயி இருந்தாங்க, உடம்பைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாங்க. மேஜைக்கு அடியில காமிரா கிடந்ததை யாரும் கவனிக்கல.

வந்தவரு சும்மா அந்த நெகட்டிவைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்திருப்பாருன்னு நெனைக்கிறேன். யாருக்குத்தான் கொல்லணும்னு ஆசை? உள்ள நுழையறப்ப ஒருத்தன் எதையோ தூக்கித் தன் மூஞ்சிக்கு நேரா நீட்டுறான்னா யாருக்கும் பதறும். பதறினா கை தானா அமுக்கிடும். வந்தவருமேல நான் தப்பு சொல்லமாட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.

என்ன கேட்டீங்க? காமிராவுக்குள்ளயா?

இருந்துச்சு தம்பி.

அப்பத்தான் மாட்டியிருந்தாரு. நான்தான் கழுவினேன். ஒண்ணே ஒண்ணுதான், மீதி எல்லாம் காலி. அந்தச் செவுத்துல கீழ் வரிசையில, ஜப்பாருக்குப் பக்கத்துல. எடுத்துக்குங்க. பின்னாலயே ஃபிலிம் துண்டும் ஒட்டியிருக்கு. வேற பிரதி போடல. வலது பக்கம் முழுக்க வெளுத்துருச்சு, கண்ணுகூடச் சரியாத் தெரியாது. அந்தக் காது மட்டும்தான் தெரியுது. யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. நானே இப்ப நீங்க திரும்பினப்பத்தான்.

ஏன் ஒட்டினேனா? தெரியல தம்பி. அவரு இருந்திருந்தா அங்கதான் ஒட்டியிருப்பாரு.

போயிருங்க தம்பி. பள்ளிக்கூடம் விடற நேரம், ரஃபல் வந்துடுவா. அவ எதையும் பாக்க வேணாம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவ வெறும் குழந்தை. எழுந்திரிச்சுட்டீங்களா? அதை இடுப்புலயே சொருகிக்குங்க, கையில வேணாம். உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்.

நில்லுங்க. இதையும் எடுத்துட்டுப் போயிருங்க, இந்த ரோலையும். இந்தாங்க, காமிராவோடயே எடுத்துக்குங்க. நீங்க உள்ள வந்தப்ப ஒரு சத்தம் கேட்டதே, முதல் படம் உங்கமேல விழுந்துருச்சு. வேணும்னு எடுக்கல தம்பி. அவரு பழக்கம். கை தானா அமுக்கிடுது.