இரைச்சல் இல்லாத பதினெட்டு நிமிடம்

புதுக்கோட்டை வெயிலைத் திட்டாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன், இன்ஸ்பெக்டர் மேடம். சூரியன்தான் எனக்குச் சோறு போடுகிறது. நார்த்தாமலைக்குப் பக்கத்தில் எங்கள் கல்லூரி வைத்த ஆன்டெனாவை ஐந்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். சூரியனில் வெடிப்பு வந்தால் செயற்கைக்கோள் அனுப்பும் எக்ஸ்ரே கோடு என் கம்ப்யூட்டரில் ஏறும். அதே வெடிப்பின் ரேடியோ அலையை எங்கள் ஆன்டெனா பிடிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தனிச் சுகம்.

அதைக் கெடுத்தது பக்கத்து வீட்டு ஆக்சிஜன் மெஷின். அந்த வீட்டுக்காரர் அழகுமலை, கல் கிரஷரில் வேலை பார்த்து நுரையீரலைத் தொலைத்தவர். நல்ல மனிதர், என்னைச் 'சூரிய சார்' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவர் மெஷின் ஓடினால் என் திரை முழுக்க இரைச்சல். ஒரு பதிவும் உருப்படியாக வரவில்லை. எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

அன்று பதினோரு மணிக்கு அவர் மனைவி செவந்தி வந்தார்.

"சார், மருந்து வாங்க கீரனூர் வரைக்கும் போயிட்டு வாரேன். கரண்டு போனா மெசினு நின்னுரும். சிலிண்டரை மட்டும் தொறந்து விட்ருங்க, அவுகளால எந்திரிக்க முடியாது."

"போயிட்டு வாங்கக்கா, நான் இங்கிட்டுத்தான் இருக்கேன்," என்றேன்.

அரை மணி நேரத்தில் எக்ஸ்ரே கோடு ஏற ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய வெடிப்பை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டியில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எங்கள் கருவிகள் சோலார் பேட்டரியில் ஓடுபவை. சிலிண்டர் ஞாபகம் இருந்தது. ஆனால் உள்ளே போனால் அழகுமலை நாலு வார்த்தை பேசாமல் விடமாட்டார், அதற்குள் உச்சம் தாண்டிவிடும்.

அவர் படுத்தபடியே டம்ளரால் ஜன்னல் கம்பியைத் தட்டினார். அந்தச் சத்தம் ரேடியோவில் பதியாது என்பதால் எனக்குத் தொந்தரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. பதினெட்டு நிமிடம், துளிப் பிசிறில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பிறகு கட்டையைத் திரும்பச் செருகினேன்.

கரண்ட் போனதைக் கவனிக்கவில்லை என்று செவந்தியிடம் சொன்னேன். அன்று அந்தப் பக்கம் மின்தடையே இல்லை என்று லைன்மேன் நாகராசு சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரி. நான்தான் நிறுத்தினேன்.

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. முடிவில், 'முழு ஒத்துழைப்பு தந்த மறைந்த திரு. அழகுமலை அவர்களுக்கு நன்றி' என்று போட்டிருக்கிறேன். செவந்தியக்காவிடம் காட்டுங்கள் மேடம், சந்தோஷப்படுவார்.