ஜப்பான் கப்பல் பார்க்க நின்ற வரிசை

சிட்னி துறைமுகம், ஞாயிற்றுக்கிழமை காலை. நல்லெண்ணப் பயணமாக வந்திருந்த ஜப்பானியப் போர்க்கப்பலைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்றிருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மலேசியத் தமிழர், எழுபதை நெருங்கிய வயது. கூட அவர் மகள்.

“இப்பவே சொல்லிட்டேன்மா. ஏறும்போது நான் குனிய மாட்டேன்.”

“யாருப்பா குனியச் சொல்றா?” மகள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “அசகிரி வகை நாசகாரிக் கப்பலாம். சண்டை முடிஞ்சு நாப்பது வருஷம் கழிச்சுக் கட்டுனது.”

“சண்டை நேரத்துல எங்க ரப்பர் எஸ்டேட்டுக்கு ஜப்பான்காரன் வந்தா இடுப்பு வரைக்கும் குனியணும். இல்லன்னா அறை. எங்கண்ணன் குனிஞ்சுதான் நின்னாரு. அப்படியே லாரியில ஏத்தி சயாம் காட்டுல ரயில் பாதை போடக் கொண்டு போயிட்டானுங்க. திரும்பி வரல.”

“அப்ப எதுக்குப்பா வந்தீங்க?”

“ஏத்துனவன் மூஞ்சி எனக்குத் தெரியாதும்மா. நானும் குனிஞ்சு நின்னேன். பூட்ஸுதான் தெரிஞ்சிச்சு. ஒரு ஜப்பான் சிப்பாய் மூஞ்சிய நேராப் பாக்கணும். அவ்வளவுதான்.”

வரிசை நகர்ந்தது.

ஏணிப்படியருகே வெள்ளைச் சீருடையில் ஒரு கடற்படை வீரன். இருபது வயதிருக்கும். வருகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னான். பெரியவர் முன் நின்றதும் இன்னும் தாழக் குனிந்தான். தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

பெரியவர் நிமிர்ந்தபடியே காத்திருந்தார். பின்னால் வரிசையும் நின்றது.

“போதும் தம்பி,” என்றார், தமிழிலேயே. “நிமிருப்பா.”