விதை கொறிக்கும் சத்தம் நின்ற இடம்

மேடையில் இருக்கும் எங்கள் நூபியர் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த உஸ்தாஸ் நசீஃப் பிஷாராவின் துணைவியார் மதாம் மார்செல் அவர்களே, துக்க வழக்கப்படி சர்க்கரையில்லாத காபிக் கோப்பையோடு அமர்ந்திருக்கும் அப்தீன் வட்டாரத்து அன்பர்களே! நாற்பதாம் நாளில் அவரை நினைக்க வந்த உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

உஸ்தாஸ் நசீஃப் ஒரு நாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அப்போது நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் திரைப்படங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுப்பவர். முன்னோட்டக் காட்சிகளுக்கு என்னையும் அழைத்துப்போவார். ஒரு படம் முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்: "வாத்தியாரே, உங்க நூபிய ஆளு திரையில வர்றப்ப மட்டும் ஏன் அவ்வளவு வேகமா விதை கொறிக்கிறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "அவன் என்ன செய்யப்போறான்னு எனக்குத்தான் தெரியுமே! கதவத் தொறப்பான், 'சரிங்க எஜமான்'பான், போயிருவான். அதை வேற உத்துப் பாக்கணுமா?" என்றேன்.

திரையரங்கில் நசீஃப் படம் பார்க்கிறவர் அல்ல; கேட்கிறவர். கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்து பூசணி விதை உடைபடும் சத்தத்தைக் கேட்பார். சத்தம் கூடினால் காட்சி தொய்கிறது, நின்றால் பிடித்துவிட்டது. அவருக்கு அதுதான் தராசு.

காவல் அதிகாரி ரஃபீக் துப்பறியும் படங்களை நீங்கள் அறிவீர்கள். முதல் மூன்றிலும் பச்சைக் கண் நாயகன். அவர் விலகியதும், நான்காவதில் அதே அதிகாரி வேடத்துக்கு மஹ்கூப் ஷெல்லாலியை அழைத்தார் நசீஃப். நம் மஹ்கூப்! தெற்கத்திக் கறுத்த நூபியர் என்பதால் பத்தொன்பது ஆண்டுகளாக வாசல்காவலர் வேடம் மட்டுமே போட்டவர்! கையில் ஒரு பையோடு வந்து நின்றார்.

"பையில என்னப்பா?"

"வாசல்காவலன் போடுற ஜிலாபா அங்கி, தலைப்பாகை. வேற எதுக்குக் கூப்பிடப்போறீங்க?"

அன்று மாலை காபிக் கடையில் நசீஃப் கோப்பையைத் தொடவே இல்லை. "அந்தப் பைய அவன் கையில குடுத்ததே நான்தான் வாத்தியாரே. ஒவ்வொரு படத்துக்கும் நான்தான்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்று ஒப்புக்கொள்கிறேன். "வம்பு வேண்டாம். ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"ஜனங்கன்னா யாரு? நீங்கதானே?" என்றார்.

தயாரிப்பாளர் ஹாஜ் முர்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஷுப்ரா வட்டாரத்தில் ஒரு முன்னோட்டக் காட்சி. அரங்கம் ஏற்காவிட்டால் வேறு நாயகனை வைத்து மறுபடி எடுப்பது. நசீஃபும் வேறு வேலை தேடிக்கொள்வது.

படம் ஓடியது. அதிகாரி உடையில் மஹ்கூப் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார். முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ் உஸ்மான், லிஃப்ட் கதவத் தொற! காய்கறிய மேல ஏத்து!" படங்களில் வாசல்காவலன் எல்லோருக்கும் உஸ்மான்தானே பெயர்! அரங்கமே சிரித்தது. முர்சி திரும்பி, "கேட்டுதா?" என்றார்.

"சிரிப்ப விடுங்க ஹாஜ். விதையக் கேளுங்க" என்றார் நசீஃப்.

கதையில் லிஃப்ட் பழுது. அதிகாரி ஏழு மாடியும் ஏற வேண்டும். மேலே கொலைகாரன். இரண்டாம் மாடி வரை கறுக்கு மொறுக்கென்று சத்தம். மூன்றாம் மாடியில் குறைந்தது. ஐந்தாம் மாடியில் ஒரு விதைகூட உடையவில்லை. அப்போது அதே குரல், அதே ஆள், நாற்காலியை விட்டெழுந்து கத்தினார்: "பாஷா! பின்னாடி பாருங்க பாஷா! கத்தி வெச்சிருக்கான்!"

பாஷா! காவல் நிலையத்தில் அதிகாரி முன்னால் நிற்கும்போது நம் வாயில் தானாக வருமே, அந்தச் சொல்! யார் சொல்லிக்கொடுத்தார்கள் அந்த முன்வரிசை ஆளுக்கு? எந்தப் பாடநூல்? மஹ்கூப் ஏறிய ஐந்து மாடிப் படிக்கட்டே அதற்குப் போதவில்லையா, அன்பர்களே?

என் மடியைப் பார்த்தேன். விதைப் பொட்டலம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நசீஃப் அதைத் தொட்டுப் பார்த்து, "ஜனங்க ஏத்துக்கிட்டாங்க போல" என்றார்.

படம் வெளியானபோது ஏசியவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஐந்தாவது படத்தில் அவர்கள் குறைந்தார்கள். அவர் மறைவதற்குச் சில நாள் முன்பு ஆறாவது வந்தது. வெளியே வந்த கூட்டத்தில் ஒரே ஒரு புகார்தான் கேட்டேன்: "ரஃபீக் பாஷாவுக்கு அந்த மீசை எடுபடல." நோயில் கிடந்த நசீஃபிடம் அதைச் சொன்னேன். "மீசையா? வெறும் மீசையா?" என்று மூச்சு வாங்கச் சிரித்தார். மனம் நிறைந்த சிரிப்பு. அப்படிச் சிரித்த மனிதருக்காக நான் எப்படி அழுவேன்?

அவர் பணி நிற்காது. இனி மாதம் ஒரு வியாழன் இந்தக் கூடம் புதுப்படங்களின் முன்னோட்டத்துக்குத் திறந்திருக்கும். அவரைப் போலக் கடைசி வரிசை நாற்காலியில் நான் உட்காருவேன். இது சங்கத்தின் வாக்கு, என் வாக்கும்கூட.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை படம் பார்க்கும்போது, கதவைத் திறந்துவிடும் ஆள் திரைக்கு வந்ததும், விதைப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.