ராவுத்தர் சொத்துக்கு வந்த ஒரே வாரிசுகள்

கூத்தாநல்லூர், மேலப் பள்ளித் தெருவில் வசிக்கும் உபைதுல்லா மனைவி சுமையா, வயது 38, தஞ்சாவூர் காவல் நிலையத்தில் 12.3.2008 அன்று ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்து வருகிறேன். என் கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். அஹமது கபீர் என் கூடப் பிறந்த அண்ணன். குவைத்தில் கம்பெனியை மூடிவிட்டதால் சென்ற வருடம் ஊர் திரும்பி, வேலையில்லாமல் இருந்து வந்தார். எங்கள் குடும்பத்தார் பாஸ்போர்ட்டில் ராவுத்தர் என்பதைக் கடைசிப் பெயராகப் போடுவது வழக்கம்.

கடந்த தை மாதம் அண்ணனுக்கு ஓர் ஈமெயில் வந்தது. ஆப்பிரிக்காவில் மர வியாபாரம் செய்த யூசுப் ராவுத்தர் என்பவர் மனைவி மக்களோடு விபத்தில் இறந்துவிட்டதாகவும், அவர் பணம் பாங்கில் கேட்பாரற்றுக் கிடப்பதாகவும், அதே கடைசிப் பெயர் கொண்ட அண்ணன்தான் ஒரே வாரிசு என்றும் அதில் கண்டிருந்தது. அதன் பிறகு தியாகராசன் என்று பெயர் சொல்லி ஒருவர் போனில் பேசினார். தான் அந்த பாங்கின் வக்கீல் என்றும், பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர வரி கட்ட வேண்டும் என்றும் சொன்னார். அண்ணன் எங்கள் அத்தா விட்டுச் சென்ற வீட்டை அடமானம் வைக்க ஏற்பாடு செய்தார். வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்து தேவைப்பட்டது. நான் மறுத்தேன். அதிலிருந்து அவர் என்னுடன் பேசவில்லை. நான் கொடுத்தனுப்பிய மீன் குழம்பு மூடி திறக்காமலே திரும்பி வந்தது.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த அண்ணனிடம், கையெழுத்துப் போடுகிறேன், அதற்கு முன் வக்கீலிடம் பேச வேண்டும் என்றேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். யூசுப் ராவுத்தர் எங்கள் சொந்தம் என்பதால் அவர் கபுரில் போய் ஃபாத்திஹா ஓத விரும்புகிறோம் என்று சொல்லி, "எந்தப் பள்ளிவாசல்லங்க அடக்கினாங்க?" என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடக்கம்லாம் இல்லம்மா. முறைப்படி தகனம் பண்ணி அஸ்திய கடல்ல கரைச்சாச்சு" என்றார்.

அண்ணன் போனை வாங்கி அணைத்தார். பிறகு உள்ளே போய் வீட்டுப் பத்திரத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "நீயே வச்சிக்க சுமையா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நாங்கள் அண்ணன் ஈமெயில் பார்க்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதன் உரிமையாளர் இராஜாங்கத்திடம் விவரம் சொன்னோம். எங்கள் ஊரில் உள்ள தன் மாமியார் வீட்டுக்கு வந்திருந்த நன்னிலம் மீரா உசேன் ராவுத்தரும் இதே ஈமெயிலை பிரிண்ட் எடுத்துப் போனதாக அவர் சொன்னார். நன்னிலத்துக்குப் போனோம். மீரா உசேன் தன் மகள் நகையை விற்றுப் பணம் அனுப்பிவிட்டு, வெட்கத்தில் வெளியே சொல்லாமல் இருந்தார். அவரும் நாங்களும் சேர்ந்து சுற்றுவட்டாரத்தில் விசாரித்ததில், ராவுத்தர் என்று பெயர் முடியும் பலருக்கு அதே ஈமெயில் வந்திருந்ததும், ஒவ்வொருவரும் தானே ஒரே வாரிசு என்று நம்பி வாயைத் திறக்காமல் இருந்ததும் தெரிந்தது.

அதன் பிறகு அண்ணன் தியாகராசனுக்குப் போன் செய்து, பணம் தயார், நேரில்தான் தருவேன் என்றார். அவர் தஞ்சாவூரில் ஒரு லாட்ஜுக்கு வரச் சொன்னார். நாங்கள் முன்கூட்டியே இந்த நிலையத்தில் தகவல் கொடுத்தோம். நேற்றுக் காலை அண்ணன் அறையில் இருக்க, ஈமெயில் வந்த மற்றவர்களும் நானும் பக்கத்து அறையில் இருந்தோம். தியாகராசன் கருப்புக் கோட்டுடன் வந்து பணத்தைக் கேட்டார். "வீட்டு ஆளுங்ககிட்ட இருக்கு, கூப்பிடுறேன்" என்று சொல்லி அண்ணன் கதவைத் திறந்தார்.

மீரா உசேன் முதலில் உள்ளே போய், "நான்தாங்க ஒரே வாரிசு" என்றார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அவருக்கு அடுத்தவரும் அதையே சொன்னார். அறை கொள்ளாமல் சிலர் வராந்தாவில் நின்றே சொன்னார்கள். தியாகராசன் பையை எடுத்துக்கொண்டு வெளியேற முயன்றபோது, கூட்டத்தில் சாதாரண உடையில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்தார். அவர் வந்த காரில் இருந்த பணம் கைப்பற்றப்பட்டது. இழந்தது கோர்ட் மூலம் கிடைக்கும் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னதும், மீரா உசேன் லாட்ஜ் வாசலில் நின்றபடியே மகளுக்குப் போன் செய்தார்.

வந்திருந்தவர்களில் அண்ணனைத் தவிர யாரும் எனக்கு உறவில்லை. திரும்பும்போது எல்லோரும் ஒரே வேனில் வந்தோம். நீடாமங்கலத்தில் இறங்கி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பில் கொடுக்க அண்ணன் வேறு யாரையும் விடவில்லை.

தியாகராசனை எங்கே நிறுத்திக் கேட்டாலும் அடையாளம் காட்டுவேன். இதில் நானாகக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) சுமையா