கழுவிய நகங்கள்

மார்கழி மாதம். ராத்திரி ஏழரை மணி. போலாரத்திலிருந்து அல்வாலுக்கு வரும் சாலையில், ராணுவத்துச் சுவர் ஓரமாக ஒரே ஒரு ஆட்டோ. பின் சீட்டில் போர்வை சுற்றிய ஒரு பெண். அவளைத் தாங்கிக்கொண்டு அவள் புருஷன். நம் தினேஷின் அத்தை மகள் விஜயகுமாரி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில்தான் அந்த ஆட்டோ வந்து நின்றது. யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்... சொல்கிறேன்.

விஜயகுமாரி நர்ஸாகி அப்போது ஒரு வருஷம் தாண்டியிருந்தது. முதல் வருஷம் ரத்தத்தைப் பார்த்தாலே பாத்ரூமுக்கு ஓடுவாள். இப்போது கை நடுங்குவதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட, பாவம்.

மனைவி மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றான் விஸ்வநாத். கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தான். டாக்டர் பார்த்தார். உயிர் இல்லை. போலீசுக்குச் சொல்ல அவர் உள்ளே போனதும் இவன் தேம்பித் தேம்பி அழுதான்.

"சிஸ்டர், மாதங்கியோட அம்மா வந்துட்டிருக்காங்க. இந்தக் கோலத்துல பார்த்தா தாங்க மாட்டாங்க. மூஞ்சி, கை மட்டும் துடைச்சு விடுங்க. நகமும்..."

அவள் மனசு இளகிவிட்டது. வெந்நீர், டெட்டால், பஞ்சு கொண்டுவந்தாள். மெரூன் பாலிஷ் போட்ட பத்து நகத்தடியிலும் குச்சியால் வழித்தாள். தோல் மாதிரி ஏதோ வந்தது. தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

சீனியர் நர்ஸ் தாயம்மாள் வந்து பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"போலீஸ் கேஸ் பாடியைக் கழுவினியாடி? அவ கழுத்தைப் பாரு, விரல் பதிஞ்சிருக்கு. சும்மாவா விட்டிருப்பா, பிறாண்டியிருப்பா. சாட்சியே அந்த நகத்துலதான் இருந்துச்சு."

விஜயகுமாரி திரும்பினாள். விஸ்வநாத் இப்போது அழவில்லை. மஃப்ளரை அவிழ்த்துக் கட்டினான். அடியில் மூன்று சிவப்புக் கோடு. ரோஜா முள் கீறியது என்று சொல்லித் தப்பிவிடுவான். சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். கொலைகாரனைத் தன் கையாலேயே காப்பாற்றிவிட்டோமே என்று அவள் அந்தத் தொட்டியையே பார்த்தாள்.

உடலைப் பின்னறையில் வைத்து அவளே பூட்டினாள். பூட்டிலிருந்து கையை எடுக்கக்கூட இல்லை... வாசலில் ஒரு அலறல்.

விஸ்வநாத் மண்ணில் புரண்டுகொண்டிருந்தான். பக்கத்தில் ஈ காக்கா இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை சதை வார் வாராகத் தொங்கியது. ஒரு கண் போயேவிட்டது. சர்ர்... துணி கிழிகிற மாதிரி சத்தம். ஓடிவந்த எல்லார் கண் முன்னாலும் கன்னத்தில் இன்னொரு கோடு விழுந்தது. குப்பென்று டெட்டால் வாசனை. வாட்ச்மேன், "நக்கோ... வேணாம்... நக்கோ..." என்று முனகிக்கொண்டே பின்வாங்கினான்.

தூக்கி வந்து படுக்கவைத்தார்கள். காயத்தைத் தொடத் தாயம்மாளுக்கே கை வரவில்லை. விஜயகுமாரிதான் சுத்தம் செய்தாள். சதைக்குள் ஏதோ தட்டுப்பட்டது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். டிரேயில் டிக்கென்று விழுந்தது. மெரூன் பாலிஷ் போட்ட ஒரு முழு நகம்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது பின்னறைப் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. திறந்தாள். மாதங்கி கிடத்திய மாதிரியே கிடந்தாள். ஒன்பது நகத்தடியிலும் சதை. மோதிர விரலில் நகம் இல்லை. அந்த இடத்திலிருந்து ரத்தம்... சொட்... சொட்...

செத்த உடம்பில் ரத்தம் இப்படிச் சொட்டாது என்று விஜயகுமாரிக்குத் தெரியும். இருந்தும், வேலைப் பழக்கத்தில், பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

விரல் சூடாக இருந்தது.