ஒன்று குறைந்தது தெரியாமல்

மாலை ஆறே முக்கால். ஒரே ஒரு வீட்டோடு முடிந்துபோகிற சாலை... விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. அந்த வீட்டில் வேலை முடித்துத் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார் பஞ்சு. என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கிற வேலை. கண்ணாடிச் சாமானைப் பஞ்சு போலத் தூக்குவார் என்பதால் அந்தப் பெயர். ஜன்னலை ஏன் பார்க்கிறாய்? இங்கே பார்.

அந்தக் கைக்கு இன்னொரு வேலையும் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு அலங்காரப் பொம்மையைச் சுருட்டிவிடுவார். யானை, மணி, பீங்கான் வாத்து... விற்கமாட்டார். தன் வீட்டு ஷோகேஸில் வைத்து அழகு பார்ப்பார். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. ஏனென்றால் புது வீட்டில் அடுக்கிக் கொடுப்பதும் அவர்தான். மிச்சமுள்ளதை அரை விரல் தள்ளித் தள்ளி வைத்தால் போதும், காலி இடமே தெரியாது. திருடனுக்கு என்ன நறுவிசு பார்.

அன்று எடுத்தது ஒரு பீங்கான் சிறுமி. கட்டைவிரல் அளவு. அந்த வீடு முழுக்க அந்துருண்டை வாசனை. வீட்டுக்கார அம்மா ஷோகேஸ் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"நெருக்கமில்லாம நல்லா அடுக்கியிருக்கீங்க. எப்படின்னு எனக்கும் காட்டிக் குடுங்க."

பாராட்டினால் நம் ஆளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். காட்டிக் கொடுத்தார். அவள் பொம்மைகளைப் பார்க்கவில்லை... அவர் கையையே பார்த்தாள்.

சாலையில் நடக்க நடக்க, சட்டைப் பையில் சாவியோடு பீங்கான் இடித்தது. டிக்... டிக்... நின்றார். சத்தம் நிற்கவில்லை. டிக்... டிக்... அதற்கப்புறம் ஓட்டம்தான்.

தன் வீட்டுக் கதவைத் திறந்தார். அதே அந்துருண்டை வாசனை. ஷோகேஸில் எல்லாமே அரை விரல் தள்ளித் தள்ளி நின்றன. எண்ணிப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை. அப்பாடா என்று திரும்பினால்... சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிகள். தள்ளித் தள்ளி, மூன்று. காலையில் நான்கு இருந்தன.

பெரிய மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவ எங்கே?"

"எந்தச் சின்னவ?" என்றாள் மனைவி. அவள் விளையாடவில்லை.

ஐந்து வயது. முன் பல் விழுந்த குழந்தை. பெற்ற வயிற்றுக்கே தெரியவில்லை. பஞ்சு வந்த வழியே திரும்ப ஓடினார். அந்த அம்மாவின் வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே டார்ச் அடித்தார். அவர் விட்ட இடைவெளி ஒன்றுகூட இல்லை... ஒன்று அதிகமான மாதிரி பொம்மைகள் நெருக்கியடித்து நின்றன. அழுது, மன்னிப்புக் கேட்டு, பீங்கான் சிறுமியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் காலை அது அவர் சட்டைப் பையில் இருந்தது.

என் நண்பனைக் கேட்டால், அக்காவுக்கு ஒரே மகள்தான், மாமாவுக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்கிறான். இருக்கலாம். ஆனால் அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிற குடும்பப் படத்தை நானே பார்த்தேன். மூன்று பேர். நல்ல இடைவெளி விட்டு நிற்கிறார்கள். அக்காவின் வலது கை மட்டும் கீழே தொங்கவில்லை... இடுப்புயரத்தில், ஒரு சின்னத் தலைமேல் வைத்த மாதிரி வளைந்திருக்கிறது.